கையொப்பம் ஒப்புதல் ஆகாது: பெருங்குடல் பரிசோதனையும் நோயாளியின் அறியும் உரிமையும்

“எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னால் நோயாளி அஞ்சி ஓடிவிடுவார். ஓராண்டு கழித்து நோய் முற்றிய நிலையில் திரும்பி வருவார். அந்தப் பழியை யார் ஏற்பது?”

மருத்துவத் துறையைச் சார்ந்த நண்பர் ஒருவர் அண்மையில் நடந்த விவாதமொன்றில் எழுதிய வரிகள் இவை. பெருங்குடலைக் குழாய்வழி நோக்கும் கொலனாஸ்கோபி பரிசோதனையைப் பற்றிய பேச்சு அது. நண்பர் நோயாளிகள்பால் உண்மையான அக்கறை கொண்டவர். எனினும் அவ்வரிகளுக்குள் உறையும் கருத்து நம் நாட்டு மருத்துவத்தைப் பீடித்திருக்கும் பழைய நோய்களுள் ஒன்று என்பது என் துணிபு. நோயாளியின் அறியாமையே அவருடைய நலனுக்கு அரண் என்று அது கருதுகிறது. அதை மறுப்பதற்காகவே இந்த நீண்ட பதிவு. பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

நான் மருத்துவர் அல்லேன். மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் இடையிலான உறவை ஆராயும் ஆய்வு மாணவன். யாருக்கு இப்பரிசோதனை வேண்டும், யாருக்கு வேண்டாம் எனத் தீர்ப்பளிக்கும் தகுதி எனக்கில்லை. அத்தீர்ப்பை அளிப்பவர் அதை விளக்கவும் கடமைப்பட்டவர் என்பதும், விளக்கப்படாத பரிசோதனை பல வேளைகளில் பயனற்ற பரிசோதனையாகவே முடிகிறது என்பதும் மட்டுமே என் வாதம்.

முதலில் பெயரிலிருந்தே தொடங்குவோம். நம் மருத்துவமனைச் சீட்டுகளில் ‘லோயர் ஜி.ஐ. எண்டோஸ்கோபி’ என்று எழுதித் தருகிறார்கள். இப்பெயரின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட பரிசோதனைகள் அடங்கும். பெருங்குடலின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். அதன் இறுதிப் பகுதியான சுமார் 60 சென்டிமீட்டரை மட்டும் நோக்குவது சிக்மாய்டோஸ்கோபி. அதற்குப் பெரும்பாலும் எனிமா போதும். மயக்க மருந்தும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெருங்குடல் முழுவதையும், சிறுகுடல் வந்து சேரும் சீகம் என்னும் முனைவரை நோக்குவதே கொலனாஸ்கோபி. விரல் பருமனுள்ள, வளையக்கூடிய, முனையில் விளக்கும் கேமராவும் பொருத்திய குழாய் ஆசனவாய் வழியே செலுத்தப்படுகிறது. குடல் மடிப்புகள் விரியும்படி காற்றோ கரியமில வாயுவோ உள்ளே செலுத்தப்படுகிறது. ஐயத்துக்குரிய இடத்தில் சிறு துணுக்கு எடுக்கவும், பாலிப் எனப்படும் சதை வளர்ச்சியை அகற்றவும் அதே குழாயின் வழியே கருவிகளை நுழைக்க முடியும்.

இவ்வளவையும் ஒருவருக்கு அவருடைய தாய்மொழியில் சொல்ல மூன்று நிமிடங்கள் போதும். ஆயினும் பரிசோதனை முடித்து வீடு திரும்பியோருள் எத்தனை பேருக்குத் தமக்குப் பாதிக் குடல் நோக்கப்பட்டதா, முழுக் குடலும் நோக்கப்பட்டதா என்று தெரியும்? ‘டியூப் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள்’ என்பதே பெரும்பாலோரின் விடை. பாதியை நோக்கி ‘ஒன்றுமில்லை’ என்பதும் முழுவதையும் நோக்கி ‘ஒன்றுமில்லை’ என்பதும் ஒன்றாகுமா?

இனி, நண்பரின் வாதம் முற்றாக முறிந்துவிழும் இடத்துக்கு வருகிறேன். அது குடலைத் தூய்மை செய்யும் ஆயத்தம். அறுவை சிகிச்சையில் மருத்துவரின் கைத்திறனே பெரும்பாலும் பலனை முடிவு செய்கிறது. கொலனாஸ்கோபியின் பலனிலோ பாதி, நோயாளி முந்தைய இரு நாட்களில் தம் வீட்டில் என்ன செய்தார் என்பதில் அடங்கியிருக்கிறது. குடலில் மலம் எஞ்சியிருந்தால் உலகின் தலைசிறந்த நிபுணராலும் அதன் அடியில் உள்ள சிறு பாலிப்பைக் காண இயலாது. அப்படியானால் இப்பரிசோதனையில் நோயாளி வெறும் உடலல்லர். பணியைப் பகிர்ந்துகொள்ளும் பங்காளி. பங்காளியை இருட்டில் வைத்து எந்தப் பணி சிறக்கும்?

கடைப்பிடிக்க வேண்டியவை எளியவையே; ஆனால் காரணம் தெரியாதவருக்கு அவை வெறும் கெடுபிடியாகத் தோன்றும். இரண்டு மூன்று நாட்கள் கீரை, முழுத்தானியம், கொட்டை வகைகள், கொய்யா, மாதுளை போன்ற விதையுள்ள பழங்கள் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வது அவற்றின் சக்கை குடலில் தங்கி நோக்கை மறைக்கும் என்பதற்காக. இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வது அது மலத்தைக் கருமையாக்கிக் குடற்சுவரில் ஒட்டச் செய்யும் என்பதற்காக. சிவப்பு நிறப் பானம் வேண்டாமென்பது அது இரத்தம்போல் தோன்றும் என்பதற்காக. பாலிஎதிலீன் கிளைக்கால் கலந்த மருந்து நீரை இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை குடிக்கச் சொல்கிறார்கள். முழுவதையும் முந்தைய இரவே குடித்து முடிப்பதைவிட, பாதியை இரவிலும் மீதியைப் பரிசோதனைக்கு நான்கைந்து மணி நேரம் முன்பாகக் காலையிலும் குடிப்பது குடலை நன்கு தூய்மை செய்கிறது என்பது பல ஆய்வுகளால் உறுதிப்பட்ட செய்தி. இறுதியில் வெளியேறுவது தெளிந்த இளமஞ்சள் நீராக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் அதைச் செவிலியரிடம் சொல்லியாக வேண்டும். ‘எத்தனை முறை போனீர்கள்?’ என்பதைவிட ‘எப்படி இருந்தது?’ என்பதே சரியான கேள்வி.

எல்லா மருந்தும் எல்லோருக்கும் ஏற்றதன்று. வாய்வழி உட்கொள்ளும் சோடியம் பாஸ்பேட் மருந்துகள் சிலருடைய சிறுநீரகத்தைப் பழுதாக்கியதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008இல் அவற்றின்மீது மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. சிறுநீரக நோயாளிகள், இதயச் செயலிழப்பு உள்ளோர், நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்வோர், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் அல்லது குளோப்பிடோகிரெல் உட்கொள்வோர் ஆகியோர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. சொல்லாமல் தொடரவும் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் தாமே மாத்திரையை நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. சொல்லாமல் தொடர்ந்தால் பாலிப் அகற்றும்போது குருதிப்பெருக்கு நேரலாம். இதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். ஆனால் அவருக்கு அச்செய்தியைத் தர வேண்டியவர் நோயாளி.

தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் கண்ட நிகழ்வு இதற்குச் சான்று. எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த முதிய தமிழ்ப் பெண்மணி ஒருவரை உறவினர் ஊரிலில்லாத காரணத்தால் நான் அழைத்துச் சென்றிருந்தேன். ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்கப் படிவம், அவர் பச்சை அங்கி அணிந்து தள்ளுவண்டியில் படுத்த பின்னரே நீட்டப்பட்டது. ‘இங்கே, இங்கே, இங்கே’ என்று விரல் காட்டிய இடங்களில் அவர் கையெழுத்திட்டார். மருந்துகளைப் பற்றி இந்தியில் கேட்கப்பட்டபோது, புரியாமலே ‘நஹீன்’ என்று தலையசைத்தார். அறைக்குள் கொண்டுபோகும் தறுவாயில் கேரளத்தைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் மலையாளம் கலந்த தமிழில், “அம்மா, நெஞ்சுக்கு ஏதாவது குளிகை கழிக்கிறீங்களா?” என்று கேட்டார். அப்போதுதான், இரண்டாண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்த செய்தியும் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரையின் பெயரும் வெளிவந்தன. குடலை நோக்குவதோடு நிறுத்திக்கொள்வது என்றும், பெரிய பாலிப் ஏதேனும் இருந்தால் இதய மருத்துவரைக் கலந்த பிறகு வேறொரு நாளில் அகற்றுவது என்றும் மருத்துவர் உடனே முடிவு செய்தார். நான்கு பக்கப் படிவம் காவாத உயிரை ஒரு செவிலியரின் அரைகுறைத் தமிழ் காத்தது என்று சொல்வது மிகையாகாது. விளக்கம் என்பது நோயாளிக்கு வழங்கும் சலுகை என்று எண்ணுவோர், அது மருத்துவர் நோயாளியிடமிருந்து பெறும் தகவலுக்கும் வாயில் என்பதை மறக்கின்றனர்.

ஆயத்தத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அச்சிட்ட அறிவுரைத் தாள்கள் எல்லாம் சொந்தக் கழிவறை உள்ள நோயாளியை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. பத்துப் பதினைந்து முறை கழிவறை செல்ல நேரும் ஓர் இரவை, ஒரு தளத்துக்கே பொதுக் கழிவறையுள்ள மும்பைக் குடியிருப்பில் வாழும் பெண் எவ்வாறு கழிப்பார்? தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றிய நடைபாதைகளிலும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் எதிரேயும் வெளிமாநில நோயாளிகள் குடும்பத்தோடு படுத்துறங்குவது நாளிதழ்கள் ஆண்டுக்கணக்காக எழுதிவரும் செய்தி. அவர் கையில் மருந்துப் பொட்டலத்தைக் கொடுத்து ‘இரவில் குடித்துவிட்டுக் காலையில் வா’ என்பது என்ன மருத்துவம்? மறுநாள் ‘ஆயத்தம் சரியில்லை’ என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பும்போது குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நோயாளி. ‘உங்களுக்கு இரவில் கழிவறை வசதி உண்டா?’ என்னும் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால், அவரை ஒரு நாள் உள்நோயாளியாகச் சேர்ப்பதா, பிற்பகலுக்கு நேரம் ஒதுக்கிக் காலையில் மருத்துவமனையிலேயே மருந்து கொடுப்பதா என்று முடிவு செய்திருக்கலாம். கேட்கவில்லை, ஏனெனில் இங்கே பேச்சு ஒருவழிப் பாதை.

மயக்க மருந்தைப் பற்றியும் இதே மௌனம்தான். மயக்கமின்றியும் இப்பரிசோதனையைச் செய்துகொள்வோர் உண்டு. மிடசோலம் போன்ற மருந்தால் அரைத் துயிலில் செய்துகொள்வோரும், புரோபோஃபால் கொடுத்து ஆழ்துயிலில் செய்துகொள்வோரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நன்மையும் உண்டு, இடரும் உண்டு, கட்டணமும் வேறு. ஆழ்துயில் தருவதாயின் மூச்சையும் நாடியையும் கவனிக்க அதற்கெனப் பயின்ற ஒருவர் அருகில் நிற்க வேண்டும். குழாயைச் செலுத்தும் மருத்துவரே அதையும் பார்த்துக்கொள்ள இயலாது. மயக்கம் பெற்றவர் அன்று வண்டி ஓட்டக்கூடாது. முக்கிய ஆவணங்களில் கையெழுத்திடக் கூடாது. உடன் ஒருவர் இருந்தாக வேண்டும். தனியாக வந்து, தானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திரும்பும் நோயாளிகளை மருத்துவமனை வாயில்களில் இன்றும் காணலாம்.

அடுத்தது, நம் நாட்டில் நோயாளிகள் கேட்கவே துணியாத கேள்வி: ‘பரிசோதனை எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டது?’ குழாயைச் சீகம்வரை செலுத்திய பிறகு, அதை மெல்ல வெளியே இழுக்கும்போதுதான் குடற்சுவரைக் கூர்ந்து நோக்குகிறார்கள். 2006இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று 12 நிபுணர்களின் பணியை ஒப்பிட்டது. வெளியே இழுக்கச் சராசரியாக ஆறு நிமிடங்களோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்கள் 28.3 விழுக்காட்டினரிடம் கட்டிகளைக் கண்டனர். அவசரமாக இழுத்தவர்கள் கண்டது 11.8 விழுக்காட்டினரிடம் மட்டுமே. கருவி ஒன்றே, நோயும் ஒன்றே. வேறுபட்டது பொறுமை மட்டும். 2014இல் அதே இதழில் வந்த மற்றோர் ஆய்வு, ஒரு மருத்துவர் அடினோமா எனப்படும் பாலிப்புகளைக் கண்டறியும் விகிதம் ஒரு விழுக்காடு உயர்ந்தால், அவரிடம் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்குப் பின்னாளில் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு மூன்று விழுக்காடு குறைகிறது என்று காட்டியது.

மேலை நாட்டு அளவுகோல்களை இங்கே அப்படியே பொருத்த முடியாது. அங்கும் இங்கும் நோயின் பரவலும் வயதும் வேறு. ஆனால் சீகத்தை எட்டினார்களா, குடல் எவ்வளவு தூய்மையாக இருந்தது, வெளியே இழுக்க எத்தனை நிமிடம் ஆயிற்று ஆகிய மூன்றையும் அறிக்கையில் எழுதுவதற்கு எந்த நாட்டு அளவுகோலும் தேவையில்லை, நேர்மை போதும். ‘நார்மல் ஸ்டடி’ என்னும் இரண்டு சொற்களோடு முடியும் அறிக்கை, எதை நோக்கி நார்மல் என்றது என்பதைச் சொல்வதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நண்பர் போன்றோர் படிவத்தையே ஒப்புதல் எனக் கருதுகின்றனர். இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வாறு கருதவில்லை. சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா என்னும் வழக்கில் 2008 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பை ஒவ்வொரு நோயாளியும் அறிந்திருக்க வேண்டும். வயிற்றைக் குழாய்வழி நோக்கும் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டு மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்மணியின் கருப்பையும் சினைப்பைகளும், வெளியே காத்திருந்த அவருடைய தாயின் ஒப்புதலைப் பெற்று அகற்றப்பட்டன. மருத்துவர் நல்லெண்ணத்தோடு செயல்பட்டிருந்தாலும் அது செல்லாது என்றது நீதிமன்றம். நோய் காணும் பரிசோதனைக்கு அளித்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது. உயிரைக் காக்கவோ, தாமதித்தால் உடல்நலம் கெடும் என்ற நிலையிலோ அன்றி அதை மீறலாகாது. இரண்டும் முன்கூட்டியே எதிர்பார்க்கப்படுமாயின் இரண்டுக்கும் சேர்த்தே ஒப்புதல் பெறலாம் என்று தெளிவுபடுத்தியது.

கொலனாஸ்கோபியோடு இத்தீர்ப்புக்குள்ள தொடர்பு வெளிப்படை. நோக்கும் குழாயே வெட்டும் கருவிக்கும் வழி. பாலிப் தென்பட்டால் அங்கேயே அகற்றுவது பெரும்பாலும் நோயாளிக்கு நன்மையே. இரண்டாம் முறை பேதி மருந்து குடித்து வர வேண்டியதில்லை. ஆனால் ‘பாலிப் இருந்தால் அகற்றலாமா? அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு? அகற்றினால் என்னென்ன நேரலாம்?’ என்பதை முன்பே பேசியிருந்தாலன்றி, துயிலில் கிடக்கும் ஒருவருடைய உடலில் அதைச் செய்யும் உரிமை எங்கிருந்து வருகிறது? வாயிலில் காத்திருக்கும் மகனிடம் ‘பில் கூடும், சரியா?’ என்று கேட்பது, அதே தீர்ப்பு மறுத்த வழிமுறையின் சிறிய வடிவமே.

இங்கே என் நண்பர் ஒரு மறுப்பை முன்வைத்தார். அதை மறைப்பது நேர்மையாகாது. அதே தீர்ப்பில், நோயாளியை அச்சுறுத்தித் தேவையான சிகிச்சையையே மறுக்கச் செய்யக்கூடிய தொலைவான, அரிய இடர்களை மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்றும் உள்ளது. உண்மைதான். ஆனால் அந்த விலக்கு அரிய இடர்களுக்கு மட்டுமே உரியது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், கணிசமான இடர்கள், மறுத்தால் நேரும் விளைவு ஆகிய அனைத்தையும் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பு வரையறுக்கிறது. விலக்கைப் பிடித்துக்கொண்டு விதியைக் கைவிடுவது வாதமாகாது. 1995இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்து, 2019இல் நடுவண் நலவாழ்வு அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளி உரிமைச் சாசனம், நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்கம் பெறுவதை உரிமையாகவே கூறுகிறது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி.

அடுத்து, அச்சம் என்னும் வாதம். நோக்கும் பரிசோதனையில் மட்டும் குடலில் துளை ஏற்படுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பாலிப் அகற்றினால் அந்த வாய்ப்பு சற்றுக் கூடும். குருதிப்பெருக்கும் நேரலாம், அது இரண்டு வாரம் கழித்தும் வரக்கூடும். இதைச் சொன்னால் நோயாளி அஞ்சுவார் என்கிறார் நண்பர். சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? பரிசோதனைக்குப் பிறகு வயிறு உப்புவதும் காற்றுப் பிரிவதும் இயல்பு. ஆனால் கடுமையான வயிற்றுவலி, வயிறு கல்போல் இறுகுவது, காய்ச்சல், மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவை அபாய மணிகள். முன்னறிந்தவர் அந்த இரவே மருத்துவமனைக்கு விரைவார். அறியாதவர் ‘குழாய் விட்டால் வலிக்கத்தானே செய்யும்’ என்று இரண்டு நாள் பொறுத்திருப்பார். துளை உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்த இரண்டு நாட்களில்தான். ஆகவே அச்சம் தரும் செய்தி என்று ஒதுக்கப்பட்டதே உயிர் காக்கும் செய்தி.

இன்னொன்று. நம் மக்கள் இப்பரிசோதனைக்கு அஞ்சுவது மருத்துவர் விளக்கியதாலா? இரயில் பாதையோரச் சுவர்களைப் பாருங்கள். வட இந்தியாவின் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ‘பவாசீர், பகந்தர்’ என்றும், நம் பக்கம் ‘மூலம், பௌத்திரம்’ என்றும் பெரிய எழுத்தில், அறுவையின்றி, வலியின்றி, ஒரே ஊசியில் குணம் என்று அழைக்கின்றன. மலத்தில் இரத்தம் என்றாலே மூலம் என்று முடிவுகட்டும் வழக்கத்தை வளர்த்தவை இவ்விளம்பரங்கள். மூலமும் இரத்தம் சிந்தும். மலக்குடல் புற்றும் இரத்தம் சிந்தும். வேறுபாட்டைக் கண்ணால் கண்டும் விரலால் தொட்டும்தான் அறிய முடியும். விளக்கம் அளிக்க வேண்டியவர் மௌனம் காக்கும்போது, அந்த வெற்றிடத்தைச் சுவர் விளம்பரமும் வாட்ஸப் வதந்தியும் ‘குடல் நச்சு நீக்கம்’ விற்போரும் நிரப்புகின்றனர்.

உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பின்படி 2020இல் இந்தியாவில் புதிதாகப் பெருங்குடல், மலக்குடல் புற்றுக்கு ஆளானோர் சுமார் 65,000 பேர். அரசின் புற்றுநோய்த் தேடல் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றை மட்டுமே உள்ளடக்குகிறது; பெருங்குடலுக்கு இடமில்லை. ஆகவே நோயாளி தம் அறிகுறியைத் தாமே அறிந்து வருவதே இங்குள்ள ஒரே வாயில். மலத்தில் இரத்தம், சில வாரங்களாக மாறிய மலப்பழக்கம், காரணமற்ற எடைக் குறைவு, காரணம் காணப்படாத இரத்தசோகை, நெருங்கிய உறவினருக்கு இந்நோய் இருந்த வரலாறு ஆகியவற்றை நாணத்தால் மறைப்பவர்களே காலந்தாழ்ந்து வருகிறார்கள். அந்த நாணத்தைப் போக்கும் வழி பேச்சே அன்றி மௌனம் அன்று. பெண்களுக்கு இத்தடை இரட்டிப்பு. ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டுமென்று கேட்பது அவர்களுடைய உரிமை என்று மேற்சொன்ன சாசனமே கூறுகிறது. பின்புறம் மட்டும் திறக்கும் அங்கி உண்டு, உடல் முழுதும் போர்த்தப்படும், அறையில் இருப்பவர் இன்னின்னார் என்று சொன்னாலே பாதி நாணம் கரையும்.

மறுபுறம், ‘முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு’ என்ற பெயரில் எந்த அறிகுறியும் இல்லாதவர்க்கும் இதை விற்கும் வணிகமும் வளர்ந்துவருகிறது. 2022இல் வெளிவந்த நார்டிக் ஆய்வு போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் சுமார் 85,000 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்தது. கொலனாஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களிடையே புற்றின் வாய்ப்பு 1.20 விழுக்காட்டிலிருந்து 0.98 ஆகக் குறைந்தது. அழைக்கப்பட்டோருள் 42 விழுக்காட்டினரே வந்தனர் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். பயன் உண்டு, ஆனால் விளம்பரம் முழங்கும் அளவுக்கு அன்று. அறிகுறியுள்ள ஏழைக்குப் பரிசோதனை எட்டாமலும், அறிகுறியற்ற செல்வர்க்குத் தள்ளுபடியிலும் கிடைக்கும் நாட்டில், ‘எனக்கு இது ஏன் தேவை? மல இரத்தப் பரிசோதனையோ சி.டி. ஸ்கேனோ போதாதா?’ என்று கேட்கும் உரிமை இருவருக்குமே வேண்டும்.

‘நாளொன்றுக்கு நூறு நோயாளிகள், விளக்க நேரம் ஏது?’ என்பது இறுதி மறுப்பு. அரசு மருத்துவர்களின் பணிச்சுமை மறுக்க முடியாத உண்மை. அவர்கள்மேல் எனக்கு மதிப்புண்டு. ஆனால் விளக்குவதற்கு மருத்துவர்தான் வேண்டுமென்பதில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் போதும். நோயாளியின் மொழியில் ஒரு தாள், படிக்கத் தெரியாதவருக்கு ஐந்து நிமிடக் காணொளி, பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்த படிவம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஆயத்தம் சரியில்லை என்று திருப்பி அனுப்பி மீண்டும் செய்யும் பரிசோதனையின் செலவைவிடக் குறைவே.

ஆகவே நண்பர்களே, உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இப்பரிசோதனை எழுதித் தரப்பட்டால், கீழ்க்கண்டவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.

1. எனக்கு இது ஏன்? வேறு வழி உண்டா? செய்யாவிட்டால் என்ன ஆகும்?

2. நோக்கப்போவது இறுதிப் பகுதியா, பெருங்குடல் முழுவதுமா?

3. என் சிறுநீரகம், இதயம், சர்க்கரை, நான் உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றுக்கு ஏற்ற மருந்துதானா இது? எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது?

4. மயக்கம் தரப்படுமா? தருபவர் யார்?

5. பாலிப் இருந்தால் அன்றே அகற்றுவீர்களா? கட்டணம் என்ன?

6. குழாய் ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் முறையாகக் கிருமி நீக்கம் செய்யப்படுகிறதா?

7. அறிக்கையில் சீகம் எட்டியது, குடலின் தூய்மை, வெளியே இழுத்த நேரம் ஆகியவை இருக்குமா? திசு ஆய்வின் முடிவை எப்போது, யாரிடம் பெறுவது?

8. இரவில் வலியோ இரத்தமோ வந்தால் எந்த எண்ணை அழைப்பது?

படிவத்தை முந்தைய நாளே கேட்டு வாங்குங்கள். புரியாத மொழியில் இருந்தால் ‘படித்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். கேட்பது அவமதிப்பன்று. இவற்றுக்கு விடை தரும் மருத்துவர்கள் இந்நாட்டில் ஏராளம். கேள்வி கேட்கும் நோயாளியை அவர்கள் விரும்பவே செய்கிறார்கள்.

என் நண்பருக்கு ஒரே ஒரு விடை. விளக்கினால் நோயாளி ஓடிவிடுவார் என்கிறீர்கள். ஓடுபவர் சிலர் இருக்கலாம். அவர்களைத் திரும்ப அழைக்கவும் பேச்சே துணை. ஆனால் விளங்காமல் வந்தவர் மாத்திரையை மறைக்கிறார், மருந்தைப் பாதியில் கொட்டுகிறார், வலியைப் பொறுத்துக்கொள்கிறார், அறிக்கையை அலமாரியில் பூட்டுகிறார். அவர் உங்கள் மேசையில் படுத்திருக்கிறார் என்பதனாலேயே அவர் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டார் என்று எண்ணாதீர்கள்.